காய்ச்சலின் மேல் போட்ட பழி

என் மகளுக்கு ஓட்டிசம் என்று டொக்டர் சொன்ன அன்று நான் அழவில்லை. எங்கள் ஊரான பேசாலையில் இதை ஒரு குற்றமாகச் சொல்லுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தாய் என்றால் அந்த இடத்தில் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கணவரிடம் கேட்டேன். பஸ்ஸில் மகளை யன்னல் பக்கம் இருத்தினோம். தூரத்தில் காற்றாலைகள் தெரியத் தொடங்கியதும் அவள் கால் ஆட்டுவதை நிறுத்திவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அப்போது மூன்றரை வயது. "தண்ணி", "இல்லை", "லைட்" என்று மூன்று சொற்கள்தான் அவளிடம் இருந்தன. "அம்மா" அவற்றில் இல்லை.

அந்த டொக்டர் மாதத்தில் ஒருநாள் வெளியிலிருந்து வருபவர். இளம் பெண். அவசரப்படாமல் கேள்விகள் கேட்டார். பிள்ளை எப்போது எழும்பி இருந்தது, எப்போது நடந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாளா. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தவர் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"உங்கட பக்கத்திலயோ அவற்ற பக்கத்திலயோ இப்பிடி ஆரும் இருக்கினமோ? கதைக்கப் பிந்தினவை, ஆக்களோட சேராதவை?"

"இல்லை டொக்டர்" என்றார் என் கணவர். டொக்டர் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டார். நானும் இல்லை என்றேன்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கலியாணம் பேச வருகிறவர்கள்தான் கேட்பார்கள். வேறு யாரும் கேட்பதில்லை. பெண் வீட்டிலும் சரி, மாப்பிள்ளை வீட்டிலும் சரி, அதற்கு ஒரே பதில்தான் உண்டு. வலிப்புக்காரர் இருந்தாலும் இல்லை, புத்தி பேதலித்தவர் பின் அறையில் இருந்தாலும் இல்லை. பழகிப்போன வாய், டொக்டரின் மேசைக்கு முன்னால் இருந்தும் அதே பதிலைச் சொன்னது. அது பொய் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

பிறகு என் கர்ப்பகாலத்தைப் பற்றிக் கேட்டார். நாலாம் மாதத்தில் கடும் காய்ச்சல் வந்ததைச் சொன்னேன். நண்டுக் கம்பனியில் வேலை செய்ததைச் சொன்னேன். அவித்த நண்டைக் குளிர் அறையில் நின்று உடைத்துச் சதை எடுக்கும் வேலை. கால் பூட்ஸுக்குள், கை கையுறைக்குள், தலையில் துணித்தொப்பி. குளோரின் மணம் வீடு வந்த பிறகும் மூக்கில் நிற்கும். எல்லாம் எழுதினார். எழுதி முடித்துவிட்டுச் சொன்னதை எனக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"இது ஒரு காரணத்தால வாறதில்ல. பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கு. வயித்துக்க இருக்கேக்க நடக்கிறதுகளும் அதோட சேரலாம். எது எவ்வளவு எண்டு ஒரு பிள்ளையை வைச்சுக்கொண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. அதால நீங்கள் ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லாதேங்கோ."

ஐந்து வசனம். பஸ்ஸால் இறங்கி வீட்டுப் படலையைத் திறக்கும்போது அதில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கணவர் தாயிடம் சொன்னார்: "வயித்துக்க இருக்கேக்க நடந்ததாலயாம்."

மாமி என்னைத் திட்டவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் என்னை ஒருநாளும் திட்டியதில்லை. கேட்டு வந்தவர்களிடமெல்லாம் மெதுவான குரலில், "அவளுக்கு நாலாம் மாசம் காய்ச்சல், பிள்ளை, அதுதான்" என்று சொல்வார். கேட்கிறவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். குறுக்குத்தெருக் கிழவி ஒருத்தி மட்டும் அது காய்ச்சலால் இல்லை, நான் ஐஸ் அறையில் நின்றதால் பிள்ளையின் மூளை விறைத்துப்போனது என்றாள். இன்னொருத்தி கிரகணத்தன்று நான் மீன் வெட்டியதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று நான் எல்லாவற்றுக்கும் "ஓம்" சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பனி வேலையை விட்டேன். காலையில் எழும்பினேன், சமைத்தேன், மகளைக் குளிப்பாட்டினேன். யாராவது வந்து, "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டிருந்தால் எனக்கு உண்மையாகவே பதில் தெரிந்திருக்காது.

ஒன்றை நான் டொக்டரிடம் சொல்லவில்லை. அந்தக் காய்ச்சலுக்கு மருந்தகத்தில் தந்த குளிசைகளை நான் போடவில்லை. பிள்ளைக்குக் கூடாது என்று பயந்தேன். காய்ச்சலென்று லீவு போட்டால் அந்தக் கிழமை நாட்சம்பளத்தோடு, லீவில்லாமல் வருவதற்குத் தரும் வரவுக் கொடுப்பனவும் வெட்டுப்படும். இரண்டு நாள் உடம்பு தணலாகக் கொதிக்க, குளிர் அறைக்குள் நின்றால் சுகமாக இருக்கிறது என்று நினைத்து வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் அறையிலேயே விழுந்தபின்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வார்டில் இருந்த நேர்ஸ், "இவ்வளவு காய்ச்சலோட ஏன் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்?" என்று கேட்டபோது, இன்றைக்குத்தான் தொடங்கியது என்றேன். என்மேல் பழி சொன்னவர்கள் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு சொன்னார்கள். முழுதும் தெரிந்தவள் நான் மட்டும். அதனால்தான் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வருட மாதா கோயில் திருநாளில் வெடி கொளுத்தினார்கள். மகள் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் புரண்டு கத்தினாள். தூக்கினால் கடித்தாள், விட்டால் தலையைச் சுவரில் அடித்தாள். நானும் அவளோடு நிலத்தில் கிடந்து கெஞ்சிக்கொண்டிருந்தேன். கணவர் வாசலில் நின்று வெடி கொளுத்துகிறவர்களை நோக்கித் தூஷணத்தில் கத்திக்கொண்டிருந்தார். அப்போது மாமி குசினிக்குள் இருந்து வந்தார். கொடியில் கிடந்த, கணவர் உடுக்கும் சாரத்தை இழுத்தெடுத்தார். பிள்ளையைத் தோளிலிருந்து முழங்கால்வரை இறுக்கிச் சுற்றிப் பாயில் கிடத்தி, நெஞ்சில் தன் உள்ளங்கையைப் பதித்து அழுத்தினார். பாடவில்லை, தாலாட்டவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடத்தில் மகள் அடங்கி மேலே ஓடும் ஃபானைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஒரு வருடமாக நான் செய்யாத வித்தை இல்லை. இது எனக்குத் தெரியாது.

"உங்களுக்கு இது எப்பிடித் தெரியும் மாமி?"

"தம்பிக்கு எங்கட அம்மா இப்பிடித்தான் செய்யிறவ. அவனுக்கு ஒரு ஆறு வயசு இருக்கேக்க…"

அதோடு நிறுத்திவிட்டார். கையை எடுத்துவிட்டு, "அடுப்பில கறி கிடக்கு" என்று எழும்பிப் போனார்.

மாமியின் தம்பியை எனக்குத் தெரியும். நான் கலியாணம் செய்து வந்தபோது அவர் இந்த வீட்டுப் பின் அறையில் இருந்தார். அறுபது வயதை நெருங்கியவர். மணம் முடிக்கவில்லை. சோற்றை ஒரு கோப்பையிலும் கறியை இன்னொரு கோப்பையிலும் வைக்க வேண்டும். ஒன்றில் ஒன்று பட்டால் அன்று பட்டினி. இரண்டு வருடத்தில் அவர் என் முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை. என் மகள் பிறப்பதற்கு முந்தின வருடம் நித்திரையிலேயே காலமானார். அவரைப் பற்றி வீட்டில் சொன்ன கதை இது: சண்டை தொடங்கின காலத்தில் வள்ளத்தில் இராமேஸ்வரத்துக்குத் தப்பிப் போகும்போது நடுக்கடலில் நேவி சுட்டது; அந்தப் பயத்தில் பேச்சை விட்டவர், அதற்கு முன் வடிவாகக் கதைத்தவர்.

நான் அதை நம்பினேன். யாரும் நம்புவார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாக் குறைக்கும் சொல்ல ஒரு சண்டை இருந்தது. காது கேட்காதவருக்கு ஷெல் சத்தம், திக்குகிறவனுக்கு ஹெலி, தனியே சிரிக்கிறவளுக்கு முகாம். முக்கால்வாசி உண்மையும்தான். அந்த முக்கால்வாசிக்கு நடுவில் ஒரு குடும்பம் தன் பொய்யைக் கொண்டுபோய் வைத்தால் கண்டுபிடிக்க ஆளில்லை. வள்ளத்தில் போகும்போது அந்த மனிதருக்கு முப்பது வயது இருந்திருக்கும். ஆறு வயதில் அவரைச் சாரத்தால் சுற்ற வேண்டியிருந்தது ஏன்?

இது விளங்கியபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணவரிடம் கேட்கவும் இல்லை. அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். மேலும், என் பக்கமும் அப்படி ஒன்றும் சுத்தமாக இல்லை. கீரிக் கிராமத்தில் இருக்கும் என் அப்பா கலியாண வீட்டுக்குப் போனால் பந்தி முடியும்வரை வெளியே மரத்தடியில்தான் நிற்பார். எனக்கே கோயில் ஒலிபெருக்கி காதுக்குள் ஆணி அறைவது போல் இருக்கும். யாரும் தோளில் கை வைத்தால் உடம்பு கூசும். டொக்டரிடம் இல்லை என்று சொன்னபோது நான் என்னைக்கூடக் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாம் சேர்ந்து வந்தது என்று டொக்டர் சொன்னாரே, அது இதுதான் என்று அன்று சட்டி கழுவும்போது நினைத்தேன். இரண்டு பக்கத்து இரத்தம், அதற்கு மேல் என்னுடைய இரண்டு நாள் காய்ச்சல். எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காய்ச்சல் ஒன்றைத்தான் நான் தடுத்திருக்கலாம்.

இப்படி இன்னும் ஒரு வருடம் போனது. கணவரின் தங்கைக்கு அரிப்பு என்ற ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். என் மகளுக்கு நகம் வெட்டத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். நித்திரையாகும் வரை காத்திருந்து ஒவ்வொரு விரலாக வெட்டுவாள். அதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தமும் வீட்டுக்கு வந்து என் மகளைக் கண்ட பிறகு நின்றுபோயின. காரணம் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன் மாமி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"பிள்ளையை அண்டைக்கு மட்டும் கீரிக்கு, உன்ர அம்மாட்ட விடுவமே?"

"அவ அங்க நிக்கமாட்டா மாமி. கத்திக் கத்தி வலிப்பு மாதிரி வந்திடும்."

மாமி அடுத்த தேங்காய்ப் பாதியை எடுத்தார்.

"அப்ப வந்தவை கேட்டால் நீதான் சொல்லோணும். காய்ச்சலுக்குக் குளிசை போட்டனான், அதால வந்தது எண்டு சொல்லு."

"குளிசையோ?"

"வெறும் காய்ச்சல் எண்டால் நம்பமாட்டினம். குளிசை எண்டால் விளங்கும். இரத்தத்தில இருக்கெண்டு ஒருக்கா நினைச்சாப் பெட்டையின்ர வாழ்க்கை அவ்வளவுதான். உனக்கு அதால ஒண்டும் குறையப்போறேல்ல பிள்ளை. உனக்குக் கலியாணம் முடிஞ்சுதுதானே."

உனக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. காய்ச்சல் தானாக வருவது. குளிசை நான் என் கையால் போடுவது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். என் விஷயத்தில் இரண்டும் ஓரிடத்தில்தான் கிடந்தன, பெயர் மட்டும் மாறியது. போடாத குளிசையைப் போட்டேன் என்று சொல்லப்போகிறேன். "சரி மாமி" என்றேன்.

மாப்பிள்ளையின் பெரியம்மாதான் கேட்டார். ஓய்வு பெற்ற ரீச்சர். கதிரையில் நிமிர்ந்து இருந்து, மகள் மேசையைச் சுற்றிச் சுற்றி நடப்பதைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தார். மகள் வந்து அவருடைய தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்து மணந்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"பிள்ளை கதைக்கிறேல்லையோ?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போல நான் சொன்னேன். "நாலாம் மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தது. தெரியாமக் குளிசை போட்டிட்டன். அதால இப்பிடி."

"அப்ப பரம்பரை இல்லை."

"இல்லை, இல்லை" என்றார் மாமி.

அந்தப் பெரியம்மா என்னைப் பார்த்து, "அவசரப்பட்டிட்டீங்கள்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் சோடாப் போத்தல்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று ஞாயிறு பூசையில் கலியாண அறிவித்தல் வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தைக்கு அறிவிக்க வேண்டும் என்று மூன்று முறையும் சொன்னார்கள். கோயில் சொல்லும் தடை வேறு வகை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மூன்று முறையும் மாமி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டதைப் பார்த்தேன். கலியாணம் நடந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் சந்தோஷப்பட்டிருப்பேன், படத்தில் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

அதன்பிறகு என் குளிசை ஊருக்குள் தானாக நடக்கத் தொடங்கியது. ஒருநாள் கம்பனியில் என்னோடு வேலை செய்த பெண் ஒருத்தி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, "அக்கா, நீங்கள் போட்டது என்ன குளிசை? வெள்ளையோ?" என்று கேட்டாள். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஞாபகமில்லை" என்றேன். அவள் பயந்த முகத்தோடு போனாள். அவள் போனபின் எனக்கு என்மேல் ஒரு அருவருப்பு வந்தது. அது நெடுநேரம் நிற்கவில்லை.

போன வருடம் கணவரின் தங்கை வயிற்றுப் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்தாள். ஐந்தாம் மாதம். வந்த கிழமையே காய்ச்சல் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு இல்லை என்றார்கள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குளிசை போடச் சொல்லி, குறையாவிட்டால் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு நாளாகியும் குறையவில்லை.

மத்தியானம் மாமி திரும்பவும் இளநீர் வாங்கப் போயிருந்தார். கணவர் மீன்பிடித் துறையில் இருந்தார். வியர்வையில் ஊறிய தலையணை உறையை மாற்ற நான் இழுத்தபோது உள்ளே இருந்து ஒரு காகிதச் சுருள் விழுந்தது. ஏழு குளிசைகள். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒன்றையும் அவள் விழுங்கியிருக்கவில்லை.

நான் அவற்றைப் பொறுக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஏன் போடேல்ல?"

"பயமா இருக்கு மச்சாள்."

நான் கட்டிலில் அவள் பக்கத்தில் போய் இருந்தேன். இனி ஒளிக்க நேரமில்லை. "இஞ்ச பார். நான் அண்டைக்குச் சொன்னது பொய். குளிசையால ஒண்டும் வரேல்ல. டொக்டர் அப்பிடிச் சொல்லவே இல்லை. உன்ர கலியாணத்துக்காகச் சொன்னது."

அதைச் சொல்வது அவளை ஒரு பயத்திலிருந்து தூக்கி இன்னொரு பயத்தில் போடுவது என்று எனக்குத் தெரியும். குளிசை இல்லையென்றால் இரத்தம். அது அவளுடைய இரத்தமும்தான். அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மாமா சின்னனில இருந்தே அப்பிடித்தான். வள்ளக் கதை அம்மா சோடிச்சது. எனக்குத் தெரியும், அண்ணாவுக்கும் தெரியும். அண்ணான்ர கலியாணத்துக்கு முதலே எங்கள் ரெண்டு பேரையும் இருத்தி வைச்சுச் சொன்னவ, வெளியில வாய் திறக்கக் கூடாதெண்டு."

அண்ணாவுக்கும் தெரியும். டொக்டர் கேட்டு முடிக்கும் முன்பே இல்லை என்று சொன்ன மனிதனுக்குத் தெரியும். வயிற்றுக்குள் நடந்ததாலயாம் என்று படலையைத் திறந்துகொண்டே சொன்ன மனிதனுக்கு. அதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தேன். முன்னால் கிடந்த உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சும் ஏன் குளிசையை ஒளிச்சனீ?"

"தெரிஞ்சபடியாத்தான் மச்சாள். இரத்தம் என்ர கையில இல்லை. அது வந்திருந்தால் வந்தது. நான் போடுறது மட்டுந்தான் என்ர கையில இருக்கு. ஒண்டோட ஒண்டு சேந்திட்டால்?"

அந்த வீட்டில் டொக்டரின் ஐந்து வசனத்தையும் நேரில் கேட்காமலே சரியாக விளங்கிக்கொண்டவள் அவள் ஒருத்திதான். அதை வைத்துக்கொண்டு பிழையான முடிவுக்கு வந்து படுத்திருந்தாள்.

நான் எங்கள் பகுதிக் கர்ப்பிணிகளைப் பார்க்கும் மிட்வைப் மிஸ்ஸுக்கு ஃபோன் எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். அவர் ஏசினார்: "விசரே உங்களுக்கு? கர்ப்பிணி எண்டு தெரிஞ்சுதானே டொக்டர் அந்தக் குளிசையைத் தந்தவர். காய்ச்சலை எரிய விடுறதுதான் ஆபத்து. உடன போடச் சொல்லுங்கோ, பின்னேரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ." நான் ஒரு குளிசையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் விரலை மடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"மிஸ் சொல்லுவா. அவவே வளக்கப்போறா?"

அப்போதுதான் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை.

"நான் குளிசை போடேல்ல. உன்னை மாதிரித்தான், பயத்தில போடேல்ல. ரெண்டு நாள் காய்ச்சலை எரிய விட்டிட்டு வேலைக்குப் போனனான். மூண்டாம் நாள் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனது. அதாலதான் இவளுக்கு இப்பிடி எண்டு நான் சொல்லேல்ல. அது ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா நான் ஒவ்வொரு நாளும் அதை நினைக்கிறன். நீயும் அப்பிடி நினைச்சுக்கொண்டு கிடக்கப்போறியோ?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழும்பி இருந்து குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் கேட்டாள். நான் கொடுத்தேன். "நான் குளிசையை ஒளிச்சதை அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை சுகமாகப் பிறந்து இப்போது தவழ்கிறது. எப்படிப்பட்ட பிள்ளை என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, திரும்புகிறதா என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். நான் அந்த நேரம் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஆனால் அந்தக் காய்ச்சல் நாளின் பின்னேரத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். அவளை ஆட்டோவில் ஏற்றி மாமியோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபின் கணவர் துறையிலிருந்து வந்தார். வழக்கம்போல் முற்றத்துப் பைப்பைத் திறந்து காலில் ஒட்டிய மணலைக் கழுவினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்கட மாமா சின்னனில இருந்தே கதைக்காத ஆளோ?"

அவர் குனிந்தபடியே இருந்தார். தண்ணீர் காலில் விழுந்துகொண்டிருந்தது.

"ஓம்" என்றார்.

கத்த வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். அந்த "ஓம்" எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான் என்பது போல உள்ளே இறங்கியது. கத்தல் வரவில்லை. பதிலுக்கு என்னுடையதைச் சொன்னேன். குளிசை போடாததை, இரண்டு நாளை, வார்டில் சொன்ன பொய்யை. அவர் நிமிர்ந்து கேட்டுக்கொண்டு நின்றார். அவருடைய பாதி, என்னுடைய பாதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகும் மகள் ஏன் இப்படி என்பதற்கு எங்களிடம் விடை இல்லை. உள்ளே அவள் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்று கேட்டேன். "அஞ்சு வருசமா நான் ஊரிட்டப் பேச்சு வாங்கினனான். நீங்கள் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"சொன்னால் நீ எங்களை விட்டிட்டுப் போயிடுவாய் எண்டு பயந்தன்."

நான் யோசித்துப் பார்த்தேன். மகளுக்கு ஓட்டிசம் என்று சொன்ன அந்த நாளில், பஸ்ஸில் வரும்போது, தன் மாமாவைப் பற்றி அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அவரைப் பாவம் பார்த்து வேறு பதில் சொல்லியிருக்கலாம். இனி இந்த வீட்டில் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஓம். போயிருப்பன்" என்றேன். "பிள்ளையையும் உங்களிட்ட விட்டிட்டுப் போயிருப்பன்."

அவர் பைப்பைப் பூட்டினார். மகளுக்குச் சோறு தீத்தும் நேரமாகிவிட்டிருந்தது. இருவரும் உள்ளே போனோம்.